டிராயரில் வைத்த கார்டு

அந்தத் தெருவுக்கு வந்து சோபா தைக்கிற கடை எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆணிக்காரர் கடை என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போவார்கள். மரச்சட்டத்தில் துணியை ஆணியால் அடித்த காலத்தில் அவர் குட்டி ஆணிகளை வாய் நிறைய அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக முன்னால் தள்ளி எடுத்து அடிப்பார். அந்த நேரத்தில் பேச முடியாது. எதைக் கேட்டாலும் ‘ம்’ அல்லது ‘ம்ஹும்’, இரண்டே பதில்தான். பிறகு பின் அடிக்கிற துப்பாக்கி வந்து வாய் காலியானது. ஆனால் அதற்குள் பேசாமல் இருந்து பழகிவிட்டது. அவருக்கும் சேர்த்துப் பேச வீட்டில் ஆள் இருந்ததால் குறை ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஆள் அவர் மனைவி. கடையின் துணி வெட்டுவதும் தைப்பதும் அவள் பொறுப்பு. தெருவில் அவளுக்குக் கத்தரியம்மா என்று பேர். துணி வெட்டியதால் மட்டும் வந்த பேர் இல்லை அது. விலை குறைக்கச் சொல்லிப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளே ஒரு குடும்பத்தின் தொலைந்துபோன சாமான் பாதி கிடைக்கும். சில்லறை, ஹேர்பின், ரிமோட்டின் மூடி, பொம்மைக் கார். கத்தரியம்மா ஒன்றைக்கூடத் தூக்கிப் போட மாட்டாள். பொட்டலமாகக் கட்டி, புதுத் துணி போட்ட சோபாவோடு திருப்பி அனுப்புவாள். இந்தத் தடவை பல் டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து வந்த நீள சோபாவில் நாலைந்து பேனாக்களும் ஒரு ஒற்றைத் தோடும் காகிதத்தில் மடித்த ஒரு பால்பல்லும் இருந்தன.

“பல்லையுமா அனுப்பப் போற?” என்று மகள் முகத்தைச் சுளித்தாள்.

“அவங்க சோபாவுல கிடந்தா அவங்களோடது. தூக்கிப் போடுறதுன்னா அவங்க போடட்டும்.”

ஆணிக்காரரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. சோபாவின் முதுகும் இருக்கையும் சேர்கிற இடுக்கில் துணியின் ஓரத்தை உள்ளே செருக வேண்டும். விரல் போகாது. ஸ்க்ரூடிரைவர் துணியைக் கிழித்துவிடும். அதற்கென்று விற்கிற தகடு அவர் கைக்குப் பிடிக்கவில்லை. பழைய பிளாஸ்டிக் அட்டைகள்தான் அவருக்குச் சௌகரியம். தேதி முடிந்த நூலக அட்டை, மூடிப்போன ஜிம்மின் அட்டை, யாரோ ஓட்டலில் திருப்பிக் கொடுக்க மறந்த அறைச்சாவி அட்டை என்று பட்டறை மேசையில் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். செருகும்போது சில சமயம் கை நழுவி அட்டை உள்ளேயே போய்விடும். போனால் போகட்டும் என்று அடியில் கறுப்புத் துணியை அடித்து மூடிவிடுவார். அந்த ஊரில் பல பேர் அவருடைய அட்டையின் மேல் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியாது.

மகள் பிசியோதெரபி படித்தாள். “நாங்க சோபாவுக்கு முதுகு நிமித்துறோம், அவ மனுசனுக்கு நிமித்தப் போறா” என்று கத்தரியம்மா வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வாள். சொல்லும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபடுவாள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அந்த மகள் புதுப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கல்லூரியிலிருந்து வந்தாள்.

“ஏதுடி பை?”

“சும்மா குடுத்தாங்கம்மா. காலேஜ் வாசல்ல மேசை போட்டு உக்காந்திருக்காங்க. கிரெடிட் கார்டுக்கு ஃபார்ம் நிரப்பினா பை இலவசம்.”

“நிரப்பிட்டியா?”

“பாதிதான். இன்னும் ரெண்டு காகிதம் கேட்டாங்க. நாளைக்குக் கொண்டு வரேன்னேன். பரவால்ல, பையை இப்பவே எடுத்துக்கோன்னாங்க.”

கத்தரியம்மா பையை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். ஓரத் தையலை நகத்தால் கொஞ்சம் இழுத்தாள். நூல் கையோடு வந்தது.

“பையே இந்த லட்சணம். கார்டு எப்படி இருக்குமோ.”

“விளையாட்டுக்கு வாங்கலம்மா. தேவைப்படுது.”

தேவை உண்மைதான். கடைசி வருடத்துக்கு முன்னால் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பெண்கள் தங்க ஒரே ஒரு விடுதி. அங்கே கிரெடிட் கார்டு இருந்தால்தான் அறை. முன்பணத்தைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், காலி செய்து போகும்போது விட்டுவிடுவார்கள். அறைக்கு எந்தக் கார்டில் பதிவு செய்தோமோ அதே கார்டை முதல் நாள் நேரில் காட்டினால்தான் சாவி தருவார்கள்.

“கடன் வாங்குறவங்களுக்குத்தான் கார்டுன்னு நினைச்சேன். தூங்குறதுக்குமா?” என்றாள் கத்தரியம்மா. ஆனால் பிடிவாதம் பிடிக்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “சரி, என்னென்ன கார்டு இருக்கு, வரிசையா சொல்லு” என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். ஆணிக்காரர் ஒரு நாற்காலியின் ஸ்பிரிங்குகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

மகள் போனில் படித்தாள். பை கொடுத்தவர்களின் கார்டு முதல் வருடம் இலவசம். அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தபோது, இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் உண்டு என்றும், பணம் கட்ட ஒரு நாள் தவறினாலும் அபராதம் என்றும் போட்டிருந்தது.

“இதை மேசைக்காரன் சொன்னானா?”

“சொல்லல. நானும் கேக்கல” என்றாள் மகள். அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இரண்டாவது கார்டில் கடைகளில் சாமான் வாங்கினால் புள்ளி சேரும், புள்ளி சேர்ந்தால் பரிசு.

“புள்ளி சேக்கிறதுக்காக வாங்க ஆரம்பிச்சா கடையை வித்தாலும் பத்தாது. அடுத்தது?”

மூன்றாவது அவள் சேமிப்புக் கணக்கு வைத்திருந்த வங்கியின் மாணவர் கார்டு. ஆண்டுக் கட்டணம் கிடையாது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணத்தை வைப்பாகப் போட்டால் ஏறக்குறைய அதே அளவுக்குச் செலவு வரம்பு தருவார்கள். அந்த வரம்பில் ஒரு நல்ல சோபாவுக்குத் துணி எடுக்க முடியாது. பரிசும் கிடையாது, பையும் கிடையாது.

“இதுல என்ன ஏமாத்து?” என்று கத்தரியம்மா கேட்டாள்.

“ஏமாத்து இல்ல. நாமதான் ஏமாறலாம். பில்லு வரும்போது ரெண்டு தொகை போட்டிருக்கும். முழுத் தொகை ஒண்ணு, குறைஞ்சபட்சம் இவ்வளவு கட்டினாப் போதும்னு இன்னொண்ணு. அந்தச் சின்னத்தைப் பாத்து மயங்கினா மீதிக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். முழுசா கட்டிட்டா ஒண்ணும் இல்ல.”

“முழுசா கட்டுவியா?”

“எதை வாங்கினாலும் அன்னைக்கே அந்தப் பணத்தைத் தனியா எடுத்து வச்சிடுவேன். கையில இல்லாத பணத்துக்குக் கார்டைத் தொட மாட்டேன்.”

ஆணிக்காரர் கயிற்றில் முடிச்சு போட்டுவிட்டு நிமிர்ந்தார். “கடைசியா சொன்னது” என்றார். அவர் இரண்டு வார்த்தை பேசினால் அந்த வீட்டில் அது தீர்ப்பு.

மறுநாள் மகள் பையைக் கொண்டுபோய் மேசைக்காரரிடமே கொடுத்தாள். அவர் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்றார். “அம்மா வாங்கிட்டு வரக் கூடாதுன்னுட்டாங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கார்டு வந்த நாளில் ஆணிக்காரர் ஒரு மாடிவீட்டில் திரைச்சீலை மாட்டப் போயிருந்தார். கத்தரியம்மா கார்டை வெளிச்சத்தில் பிடித்து மகளின் பெயரைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள். கார்டு காலேஜுக்குப் போகக் கூடாது. வீட்டிலேயே இருக்கும். வேண்டும்போது கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“என் கார்டும்மா” என்றாள் மகள்.

“உன்னோடதுதான். கூடவே இருந்தா கை அரிக்கும். பட்டறை டிராயர்ல, பின் டப்பாவுக்கு அடியில வைக்கிறேன். எந்தத் திருடனும் அங்க வந்து தேட மாட்டான்.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவரிடமும் சொன்னாள். “என்னங்க, அவ கார்டு பின் டப்பாவுக்கு அடியில இருக்கு. பாத்துக்கங்க.” அவர் ‘ம்’ என்றார்.

மகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனாலும் அடங்கிப் போனாள். விடுதி அறையை அந்தக் கார்டில் பதிவு செய்தாள். அது போக, மாதா மாதம் போன் கட்டணத்தையும் பஸ் பாஸையும் மட்டும் அதில் போட்டாள். பில் வந்த அன்றே முழுத் தொகையையும் கட்டினாள். இரண்டு பில், மூன்று பில் ஒழுங்காக முடிந்த பிறகும் டிராயர்ச் சட்டம் மாறவில்லை. கேட்டால், “பயிற்சிக்குப் போறப்ப குடுப்பேன்ல” என்பாள் கத்தரியம்மா.

பயிற்சிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. டாக்டரம்மாவின் சோபா மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். ஆணிக்காரர் விடிந்ததும் விடியாததுமாகப் பட்டறையில் இறங்கியிருந்தார். சாம்பல் நிற ரெக்சினை முதுகில் இழுத்துப் பிடித்துப் பின் அடித்தார். துப்பாக்கிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கத்தரியம்மா உறையின் ஜிப்பைத் தைத்து முடித்துவிட்டு டீ கொண்டுவந்தபோது அவர் ஒரு மூலையைத் தட்டிக் காட்டினார்.

“ஓரம் எப்படி வந்திருக்கு பாரு.”

மடிப்பு ஒன்றுகூட இல்லாமல் வந்திருந்தது. அவர் தானாக வாய் திறந்து தன் வேலையைச் சொல்வது அபூர்வம். கத்தரியம்மாவும் நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அவள் தம்பி வேனோடு வந்தான். அந்தக் கடையின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவன்தான். மேசை டிராயரைத் திறந்து டேப் எடுத்து, சோபாவைச் சுற்றிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினான். மூன்று பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். பால்பல் இருந்த பொட்டலத்தையும் கத்தரியம்மா அவனிடமே கொடுத்து அனுப்பினாள். ஆணிக்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரைச்சீலை வேலைக்குக் கிளம்பினார்.

மத்தியானம் பெட்டி கட்டி முடித்துவிட்டு மகள் டிராயரைத் திறந்தாள். பின் டப்பாக்கள் இருந்தன. அடியில் ஒன்றும் இல்லை.

டிராயரை உருவித் தரையில் கவிழ்த்தார்கள். சுண்ணாம்புக்கட்டி, உடைந்த ஊசி, ஜிப் தலை, பித்தான். கார்டு இல்லை. மேசையை நகர்த்திப் பெருக்கினார்கள். ஃபோம் துண்டுகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். மகள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, டிராயர்ல இருந்த என் கிரெடிட் கார்டை எடுத்தீங்களா?”

அவர் ஏணி உச்சியில் வாயில் ஸ்க்ரூவோடு நின்றிருந்தார். “ம்ஹும்” என்றார்.

அப்போதுதான் மகளின் போனில் வங்கிச் செய்தி வந்தது. எஸ்.ஜி.கே. என்டர்பிரைசஸ் என்ற இடத்தில் அவள் கார்டில் ஒரு தொகை பிடிக்கப்பட்டிருக்கிறது. அவள் வரம்பில் முக்கால்வாசி அதிலேயே போயிருந்தது. அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

மகள் அழவில்லை. வங்கியின் ஆப்பைத் திறந்து கார்டைத் தற்காலிகமாகப் பூட்டினாள். இனி அதை யார் எங்கே தேய்த்தாலும் வேலை செய்யாது. ஆனால் போன பணம் போனதுதானா, நாளைக்கு அறை கிடைக்குமா, ஒன்றும் புரியவில்லை. அறை இல்லையென்றால் அந்த ஊரில் தங்க இடமில்லை. இடமில்லையென்றால் பயிற்சி அடுத்த வருடம்தான், அதுவும் கிடைத்தால்.

கத்தரியம்மா டிராயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அதைத் திறந்தது தம்பி. ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு தடவை வேன் டயர் வாங்க அவளிடம் சொல்லாமல் இதே டிராயரிலிருந்து பணம் எடுத்திருக்கிறான். அடுத்த வாரமே கொண்டுவந்து வைத்துவிட்டான், மன்னிப்பும் கேட்டான். அவளும் அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். நினைப்பு வந்ததும் போனை எடுத்தாள்.

“தம்பி, காலையில டிராயரைத் திறந்தியே. டேப் மட்டுந்தான எடுத்தே?”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வேன் சத்தம் நின்றது.

“என்னக்கா கேக்கிற?”

“கார்டு ஒண்ணு காணோம்.”

“டேப் மட்டுந்தாங்க்கா எடுத்தேன்” என்றான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

“மாமாவை ஏம்மா கேட்ட?” என்றாள் மகள்.

“கேக்கத்தான் கேட்டேன்” என்றாள் கத்தரியம்மா. அதற்கு மேல் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏற்கனவே உதறிய ஃபோமை இன்னொரு தரம் உதறினாள்.

மகள் வங்கிக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடி ஓடி ஒருவழியாக ஓர் ஆள் பேசினார். “நீங்க பண்ணலன்னா சொல்லுங்க, கார்டை ரத்து பண்ணிடறேன். புதுசு வர பத்து நாள் ஆகும்” என்றார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். “ஒரு நிமிசம் சார். அந்த எஸ்.ஜி.கே. என்ன கடைன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பேரு மட்டுந்தான் தெரியும்… இருங்க, வகை போட்டிருக்கு. தங்கும் விடுதி.” ஊர்ப் பெயரையும் சொன்னார்.

அவள் நாளைக்குப் போக வேண்டிய ஊர்.

“ரத்து பண்ணாதீங்க சார். பூட்டினபடியே இருக்கட்டும். நான் திரும்பக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டு விடுதியைக் கூப்பிட்டாள். அங்கே ஒரு பெண் எடுத்தாள். ஆமாம், முன்பணத்தை வருகிற நாளுக்கு முந்தின நாள்தான் பிடிப்போம், பில்லில் முதலாளி கம்பெனியின் பெயர்தான் வரும், எல்லோரும் இப்படித்தான் பயந்து கூப்பிடுகிறார்கள் என்று சிரித்தாள். “நாளைக்குக் கார்டை மறக்காம எடுத்துட்டு வாங்க. அதைப் பாக்காம சாவி தர மாட்டோம்.”

மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பணம் எங்கேயும் போகலம்மா. அது விடுதி பிடிச்ச முன்பணம். யாரும் திருடல.”

கத்தரியம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வரவில்லை. யாரும் திருடவில்லை என்றால் அவள் தம்பியிடம் கேட்ட கேள்விக்கு என்ன அர்த்தம்?

மழை பிடித்துக்கொண்டது. வேன் சத்தம் கேட்டது. தம்பி இறங்கி வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. சாரல் முதுகில் அடித்தது.

“வேனைத் திறந்து போட்டிருக்கேங்க்கா. தேடிப் பாத்துக்க.”

“உள்ள வாடா.”

“மொதல்ல தேடிடு.”

“டேய், நனையிற. உள்ள வா.”

அவன் வரவில்லை. மகள் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். “மாமா, பணம் ஒண்ணும் போகல. கார்டுதான் எங்கேயோ விழுந்திருக்கு. வாங்க.” அவளுக்காக ஓரடி உள்ளே வைத்தான். அதற்கு மேல் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆணிக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து ஏணியோடு வந்தார். கவிழ்ந்த டிராயரையும் நிற்கிறவர்களையும் பார்த்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.

“டீ இருக்கா?”

“டீ ஒண்ணுதான் குறைச்சல்” என்றாள் கத்தரியம்மா. “கார்டைக் காணோம். நாளைக்குக் காலையில அவ பஸ் ஏறணும்.”

ஆணிக்காரர் துவட்டிக்கொண்டே, “கார்டு என்ன கலரு?” என்று கேட்டார்.

“கரும்பச்சைப்பா.”

துவட்டிய கை நின்றது. துண்டு தலையிலேயே கிடந்தது. அவர் மெதுவாகப் பட்டறை மேசையைப் பார்த்தார், பிறகு சோபா நின்றிருந்த காலி இடத்தைப் பார்த்தார்.

“காலையில ஜிம் அட்டை உடைஞ்சுபோச்சு” என்றார்.

அவர் துண்டைத் தலையிலிருந்து எடுத்தார்.

“பின் எடுக்க டப்பாவைத் தூக்கினேன். அடியில ஒண்ணு கிடந்துச்சு. புதுசா இருந்துச்சு. நல்லா வளைஞ்சுச்சு.”

“வளைஞ்சுச்சா” என்றாள் கத்தரியம்மா.

“அந்த ஓரம் அதால வந்ததுதான். கடைசி மூலையில நழுவி உள்ள போயிடுச்சு. நம்ம பழைய அட்டைன்னு நினைச்சு மூடிட்டேன்.”

“பின் டப்பாவுக்கு அடியில கார்டு இருக்குன்னு உங்ககிட்ட நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ம்னு சொன்னேன்.”

முதலில் சிரித்தது தம்பிதான். சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினான், முடியவில்லை. மகளுக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கத்தரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “வேனை எடுடா” என்றாள். தம்பி இதற்காகவே காத்திருந்ததுபோல ஓடினான்.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் புது சோபா நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், ஒரு பக்கக் கன்னம் வீங்கிய போலீஸ்காரர், சீருடையோடு. டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டு மாஸ்க்கைக் கீழே இறக்கினார். சோபாவின் அடியைப் பிரிக்க வேண்டும் என்றதும் ஒரு வினாடி தயங்கினார். புதிதாகத் தைத்து வந்து அரை நாள்கூட ஆகவில்லை.

“ஒரு மணி நேரத்துல பழையபடி அடிச்சுக் குடுத்துடறோம்மா” என்றாள் கத்தரியம்மா. குரல் எப்போதும்போல இல்லை. “பொண்ணு நாளைக்குப் போயாகணும்.”

“நீங்க ஒரு பால்பல்லைக்கூட பத்திரமா திருப்பி அனுப்பியிருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. “உங்க கார்டை நான் உள்ள வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறேன்? பிரிங்க.”

மற்றவர்கள் எழுந்தார்கள். போலீஸ்காரருக்கு வாய் திறக்க முடியவில்லை. நானும் எழுந்திருக்கணுமா என்று புருவத்தால் கேட்டார். ‘ம்’ என்றார் ஆணிக்காரர். ‘ம்’ என்று எழுந்தார் போலீஸ்காரர். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தம்பியும் ஆணிக்காரருமாகச் சோபாவைக் கவிழ்த்தார்கள். ஆணிக்காரர் மண்டியிட்டு, காலையில் தான் அடித்த பின்களைத் தானே ஒவ்வொன்றாகக் கிளப்பினார். கறுப்புத் துணியை ஒரு பக்கம் மடக்கிவிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டார். முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு துழாவினார். முதலில் வந்தது ஜிம் அட்டையின் உடைந்த பாதி. மகள் நகத்தைக் கடித்தாள். கத்தரியம்மா தம்பியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது தடவை கரும்பச்சை வந்தது.

ஓரத்தில் ஒரு பின் குத்தி நின்றது. ஆணிக்காரர் அதைக் குறடால் பிடுங்கிவிட்டு, கார்டைத் தன் சட்டையில் இரு பக்கமும் துடைத்து மகளிடம் நீட்டினார். சிப் இருக்கும் இடத்தில் கீறல் இல்லை. மகள் அதை வாங்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டாள். நெஞ்சில் மத்தியானத்திலிருந்து இருந்த கல் இறங்கியதும் உட்கார இடம் தேடினாள், சோபா கவிழ்ந்து கிடந்தது.

“வேலை செய்யுதான்னு இங்கேயே பாத்துடணும்” என்றாள் கத்தரியம்மா. “அங்க போய் முழிச்சிட்டு நிக்கக் கூடாது.”

கவுன்டரில் கார்டு மெஷின் இருந்தது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் பற்பசையும் ப்ரஷ்ஷும் விற்பனைக்கு இருந்தன. கத்தரியம்மா குனிந்து பார்த்தாள்.

“ரெண்டு ப்ரஷ் குடுங்க.”

“எதுக்கும்மா ரெண்டு?” என்றாள் மகள்.

“ஒண்ணு உனக்கு, ஊருக்கு எடுத்துட்டுப் போக.”

“இன்னொண்ணு?”

“எனக்கு. இன்னைக்குத் தம்பிகிட்ட ஒரு கேள்வி கேட்டேன். அந்த வாயைத் தேய்ச்சுக் கழுவணும்.” அவனைப் பார்த்துத் திரும்பினாள். எல்லோர் முன்னாலும், சத்தத்தைக் குறைக்காமல் சொன்னாள். “தப்புடா. உன்னைக் கேட்டிருக்கக் கூடாது.”

தம்பி ஜன்னலில் மழையைப் பார்த்தான்.

“ரெண்டு வேளையும் தேய்க்கணும்க்கா. டாக்டரம்மாவையே கேளு.”

மகள் போனில் பூட்டைத் திறந்தாள். கார்டை மெஷினில் செருகினாள். மெஷின் யோசித்தது. அறையே அதைப் பார்த்தது, போலீஸ்காரரும் கன்னத்தைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். பிறகு கரகரவென்று சீட்டு வெளியே வந்தது. டாக்டரம்மா கை தட்டினார்.

கத்தரியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, இரண்டு ப்ரஷ்ஷின் விலையையும் மகள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “இந்தா. அன்னைக்கே தனியா எடுத்து வைப்பேன்னு சொன்னேல்ல. வை.”

சோபாவைப் பழையபடி மூடிப் பின் அடித்து நிமிர்த்திவிட்டு அவர்கள் கிளம்பும்போது மழை தூறலாகியிருந்தது. ஆணிக்காரர் முன்னால் உட்கார்ந்தார். பெண்கள் இருவரும் பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். தம்பி வேனை எடுத்தான். யாரும் கேட்காமலேயே வழியில் நிறுத்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஆணிக்காரருக்கு மத்தியானம் கேட்ட டீ அப்போதுதான் கிடைத்தது.

மகள் இன்னும் கார்டைக் கையிலேயே வைத்திருந்தாள். இத்தனை மாதப் பழக்கத்தில் அதை அம்மாவிடம் நீட்டினாள்.

“இந்தாம்மா. காலையில வாங்கிக்கிறேன்.”

கத்தரியம்மா கையை நீட்டவில்லை. ஓரத்தில் பின் குத்திய சின்னத் துளையைப் பார்த்தாள். டிராயரில் வைத்தால் பத்திரம் என்று நினைத்தவள் அவள்தான். மூன்று மாதமாக ஒரு பில்லைக்கூடத் தவறவிடாதவள் மகள்.

“எங்கிட்ட எதுக்கு? உன் பேருதான போட்டிருக்கு. உன் பையில வை. இனிமே அது உங்கிட்டயே இருக்கட்டும்.”

மகள் ஒரு நிமிடம் நம்பாமல் பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்து, ப்ரஷ் காசைப் போட்ட அறைக்குப் பக்கத்து அறையில் கார்டை வைத்து மூடினாள்.

முன்னாலிருந்து ஆணிக்காரர் ‘ம்’ என்றார்.

“என்ன ம்?” என்றாள் கத்தரியம்மா. “காதுல விழுந்துச்சா? என்ன விழுந்துச்சுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க.”

ஆணிக்காரர் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். பின்னால் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“அவ கார்டு, அவ பையில” என்றார்.